முதுகில் நீர் எடுக்க நான் கையெழுத்துப் போடாத நாலு நாள்

நெல்லைத் தம்பி:
என்எம்டிஏ, அதாவது உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூளையைத் தாக்கும் மூளை அழற்சி, வந்த வீடுகளில் ஆரம்பம் பெரும்பாலும் ஒன்றுதான். தலைவலி, தூக்கமின்மை, சம்பந்தமில்லாத பேச்சு, அப்புறம் வலிப்பு. அதை விடுகிறேன். வலிப்பு வந்த மறுநாளே அக்காவுக்குச் சோதனைக்காக முதுகில் நீர் எடுக்க வேண்டும் என்றார்கள். அப்பா இல்லாத வீடு, கையெழுத்து என்னுடையது. "முதுகில் ஊசி குத்தினால் கால் விளங்காது" என்றார் பெரியப்பா. நான் போடவில்லை. நாலாவது ராத்திரி, கண் எங்கோ நிலைகுத்தியிருக்க, அக்காவின் கை மட்டும் பூ கட்டிக்கொண்டிருந்தது. நாரும் இல்லை, பூவும் இல்லை. விரல் சுற்றுகிறது, முடிச்சை இறுக்குகிறது, வாய் எதையோ மெல்கிறது. விடிந்ததும் பேனாவை வாங்கினேன். இரண்டு வருடமாகிறது, வேலைக்குப் போகிறாள். ஆனாலும் ஏதாவது பெயர் மறந்து அவள் தடுமாறினால் எனக்கு அந்த நாலு நாள்தான்.

ஈரோட்டு அம்மா:
தம்பி, நாலு நாளுக்கே இப்படியா? எங்களுக்கு ஐந்து வாரம் போனது. மந்திரம், தாயத்து எதுவும் இல்லை, நேரே ஆஸ்பத்திரிதான். எம்ஆர்ஐ நார்மல், அதனால் மனநோய் என்றார்கள். மனநோய்க்கான ஊசி போட்டதும் மகள் கட்டை மாதிரி விறைத்துப் போனாள். இந்த நோயில் பாதிப் பேருக்கு மேல் எம்ஆர்ஐ நார்மலாகத்தான் வருமாம், பிறகுதான் தெரிந்தது. இன்னும் கணக்குப் போடத் திணறுகிறாள். வீட்டார் பயந்ததால்தான் தாமதம் என்று எழுதாதீர்கள்.

சேலம் 72:
என் தங்கை மகனுக்கும் வந்தது, தேறிவிட்டான். இரண்டு பேருக்கும் சொல்கிறேன். ரத்தத்தில் நெகட்டிவ் என்றால் விட்டுவிடக் கூடாது, முதுகு நீரில்தான் இந்த நோயை உண்டாக்கும் ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) நன்றாகப் பிடிபடும். பெண் என்றால் சினைப்பையில் டெரடோமா கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன் கட்டாயம், இருந்தால் எடுத்தே ஆக வேண்டும். ஸ்டீராய்டு, ஐவிஐஜி (நரம்பில் ஏற்றும் எதிர்ப்புப் புரத மருந்து), பிளாஸ்மா மாற்று எதற்கும் அசையவில்லையா, அடுத்த கட்ட மருந்தான ரிட்டுக்சிமாப் பற்றி உடனே கேளுங்கள். 2013இல் வந்த பெரிய ஆய்வில் 501 பேரில் 394 பேர் இரண்டு வருடத்துக்குள் நன்றாகத் தேறியிருக்கிறார்கள். சீக்கிரம் தொடங்கியவர்களுக்குப் பலன் கூடுதல்தான், ஆனால் 18 மாதம் வரைக்கும் முன்னேற்றம் தெரிந்திருக்கிறது. பிசியோவை விடாதீர்கள். வல்லாரைத் துவையலும் கொடுக்கலாம்.

நெல்லைத் தம்பி:
சார், பிசியோ முடிந்தே ஒரு வருடமாகிறது. நான் அதைக் கேட்கவில்லை. அம்மா, நீங்கள் சொல்வது சரி, உங்களைச் சொல்லவில்லை. போன வாரம் அக்காவிடம் அந்த ராத்திரியைச் சொன்னேன். அவளுக்கு ஒன்றுமே ஞாபகமில்லை. "யாருக்குடா கட்டினேன்?" என்று கேட்டாள்.