ஜெரோம் கடைகளுக்கு அம்மா அப்பாவைக் கூட்டிப் போகலாமா?

பீனிக்ஸ்வாசி:
அம்மாவும் அப்பாவும் மதுரையிலிருந்து வந்திருக்கிறார்கள். கிராண்ட் கேன்யன், செடோனா பார்த்தாச்சு. மால் என்றாலே அம்மாவுக்கு அலுப்பு, "எல்லாக் கடையும் ஒண்ணுபோலத்தானே இருக்கு" என்கிறார். அரிசோனாவில் மலைமேல் இருக்கும் ஜெரோம் என்ற சின்ன ஊரில் விநோதமான கடைகள் இருப்பதாகக் கேள்வி. கடைக்காக மட்டும் இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டலாமா? அப்பாவுக்கு முட்டி வலி, அம்மாவுக்கு மலைப்பாதை என்றால் குமட்டல்.

பிரெஸ்காட்காரன்:
தாராளமாகப் போங்கள். என் வீட்டுக்கு யார் வந்தாலும் நான் அங்கேதான் கூட்டிப் போவேன். 1920களில் ஆயிரக்கணக்கானோர் இருந்த தாமிரச் சுரங்க ஊர். 1953இல் சுரங்கத்தை மூடியதும் நூறு பேர்கூடத் தேறவில்லை. அப்புறம் சல்லிசாகக் கிடைத்த வீடுகளுக்கு ஓவியர்களும் ஹிப்பிகளும் குடிவந்தார்கள். இன்றைய கடைகளுக்கு அவர்கள்தான் வித்து.

நெல்லி பிளை என்ற கலைடாஸ்கோப் கடையை மட்டும் விட்டுவிடாதீர்கள். நாம் பள்ளியில் மூன்று கண்ணாடிப் பட்டையும் வளையல் துண்டும் வைத்துச் செய்தோமே, அதன் ராஜவம்சம்! சிலவற்றில் வண்ணத் துணுக்குகள் எண்ணெயில் மிதக்கும். கையை அசைக்காமல் பிடித்திருந்தாலும் அவை மெல்ல இறங்க இறங்கக் கோலம் மாறிக்கொண்டே இருக்கும். நான் கூட்டிப்போன ஒரு அத்தையை அங்கிருந்து கிளப்பவே முடியவில்லை. விலை சிலதுக்கு நூற்றுக்கணக்கான டாலர். பார்ப்பதற்குக் காசில்லை.

செல்வி:
பேய் படம் போட்ட டீ-ஷர்ட், தாமிரக் காப்பு விற்கும் கடைகளும் வரிசையாக உண்டு, அதையும் சொல்லுங்கள் அண்ணா. எனக்குக் கடைகளைவிட அங்குள்ள பழைய சிறைதான் பிடித்தது. சுரங்கத்தில் வைத்த வெடியில் மண் நெகிழ்ந்து, கட்டடம் 200 அடிக்கு மேல் சறுக்கிக் கீழே வந்து நிற்கிறது.

பீனிக்ஸ்வாசி:
சரி, முட்டிக்கும் குமட்டலுக்கும் என்ன வழி?

பிரெஸ்காட்காரன்:
பிரெஸ்காட் பக்கமாக வராதீர்கள், மிங்கஸ் மலையில் கொண்டை ஊசி வளைவுகள் அதிகம். ஐ-17 நெடுஞ்சாலையில் வந்து காட்டன்வுட் ஊர் வழியாக ஏறினால் கடைசிச் சில மைல்தான் வளைவு. ஊரே மலைச்சரிவில் தொங்குகிறது, ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்குப் போகப் படி. அப்பாவை மெயின் ஸ்ட்ரீட்டிலேயே இறக்கிவிட்டு நீங்கள் பார்க்கிங் தேடுங்கள். சனி, ஞாயிறு வேண்டாம். கீழே ஆட்ரி சுரங்கத்தில் 1,900 அடிக் குழியின் மேல் கண்ணாடித் தளம் போட்டிருக்கிறார்கள். அதற்கு வண்டியிலேயே போய்விடலாம், அப்பாவுக்கு அது போதும்.