தட்டினால் ஒலிக்கும் கல்லை நேரில் கேட்டவர்கள் எழுதுங்கள்

தாமிரபரணி

நெல்லையப்பர் கோயிலின் மணி மண்டபத்தை உங்களில் பலரும் பார்த்திருப்பீர்கள் என்பதால் அதை விவரிக்கப் போவதில்லை. எனக்கு அப்போது பதினொரு வயது, ஆச்சியோடு சென்றிருந்தேன். வெயிலில் நடந்து வந்த களைப்பில், பெருந்தூணைச் சுற்றி ஒரே கல்லில் செதுக்கப்பட்டு நிற்கும் சிறு தூண்களில் ஒன்றின் மேல் கன்னத்தைச் சாய்த்துக் குளிர்ச்சியை அனுபவித்துக்கொண்டிருந்தேன். மறுபக்கத்தில் யாரோ ஒருவர் வேறொரு தூணை விரல் முட்டியால் தட்டினார். அந்த ஓசை காதுக்கு எட்டும் முன்பே என் தாடை எலும்புக்குள் இறங்கிவிட்டது. பதறிப்போய் விலகினேன். "என்னலே, கல்லு பேசுதுன்னு பயந்துட்டியா?" என்று ஆச்சி சிரித்தார்.

நான் சாய்ந்திருந்த தூணை யாரும் தட்டவில்லை என்பதுதான் இன்றுவரை என்னை அரிக்கிறது. ஒரே கல் என்பதால் அதிர்வு பரவும் என்று பின்னாளில் பலரும் சொன்னார்கள். அது எனக்கும் தெரியும். ஆனால் கன்னத்தில் கேட்ட ஓசை, காதில் கேட்டதைவிடத் தாழ்ந்த சுருதியில் இருந்ததாக என் நினைவு அடம்பிடிக்கிறது. வேறு எவருக்கேனும் இப்படி நேர்ந்ததுண்டா?

உளியோசை

உங்கள் ஆச்சி வேடிக்கையாகச் சொன்னது எங்கள் வீட்டில் தொழில் சொல். என் தந்தையார் கற்சிற்பி. தட்டும்போது கண்டாமணிபோல் நீண்டு ஒலிப்பது ஆண் கல், தாளம்போல் இனிமையாக ஒலிப்பது பெண் கல், ஓசையே எழாதது நபும்சகக் கல் என்று பிரிப்பது சிற்ப மரபு. சுவாமியின் திருமேனி முதல் வகையிலும், அம்மன் திருமேனி இரண்டாம் வகையிலும் செய்யப்படும். மூன்றாவது, தளத்துக்கும் அடித்தளத்துக்கும் போய்விடும்.

ஒருமுறை கல் எடுக்க என்னையும் அழைத்துச் சென்றார். ஓர் ஆள் நீளமுள்ள கல். நிறமும் மணியும் குறை சொல்ல முடியாதவை. அவர் ஒரு முனையிலிருந்து சாண் சாணாகச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தார். ணங், ணங் என்று வந்த ஓசை, நடுவில் ஓரிடத்தில் மட்டும் தொப்பென்று விழுந்தது. "தேரை இருக்கு" என்று சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார். முன்பணம் வாங்கியிருந்த குவாரிக்காரர் கோபத்தில் அந்த இடத்திலேயே ஆப்பு இறக்கிப் பிளக்கச் சொன்னார். உள்ளே தலைமுடி அளவில் ஒரு கறுத்த விரிசல், கல்லின் பாதி அகலத்துக்கு ஓடியிருந்தது. உயிருள்ள தேரை ஒன்று குதித்து வெளியே வரும் என்று காத்திருந்த எனக்கு அன்று பெருத்த ஏமாற்றம்.

வீணைமாணவி

இத்தகைய பேச்சு தொடங்கினால் அடுத்த பதிவிலேயே "ஏழு ஸ்வரங்களும் பிசிறில்லாமல் ஒலிக்கும்" என்ற வாக்கியம் வந்துவிடும் என்பதால் முன்கூட்டியே மறுக்கிறேன்.

தென்மாவட்டக் கோயில் ஒன்றுக்கு என் வீணை ஆசிரியையோடு சென்றிருந்தேன். வழிகாட்டி ஒருவர் தூண்களை வரிசையாகத் தட்டியபடி ச, ரி, க என்று கூடவே பாடினார். கல்லும் அப்படியே பாடுவதாகத் தோன்றியது. ஆசிரியை என் காதருகே, "அவரைப் பாடாமல் தட்டச் சொல்" என்றார். அவர் வாயை மூடிக்கொண்டு தட்டியபோது மூன்றாவது தூணின் ஒலி காந்தாரத்தின் பக்கத்தில்கூட இல்லை. எங்களுக்குக் கேட்டிருந்தது அவருடைய குரல்!

காரணம் இருக்கிறது. தந்தியை மீட்டினால் அடிச்சுருதியோடு கூடவே எழும் மேல்தொனிகளின் அதிர்வெண்கள் அடிச்சுருதியைப்போல் 2, 3, 4 மடங்கு என்று ஒழுங்காக அமையும். இரு முனைகளிலும் பிடிக்கப்பட்ட, சீரான பருமனுள்ள கல்தண்டில் முதல் மேல்தொனி ஏறத்தாழ 2.76 மடங்கிலும், அடுத்தது 5.40 மடங்கிலும் வரும். ஆகவே எந்தச் சுருதியைக் கேட்கிறோம் என்பதிலேயே செவி தடுமாறுகிறது. தாமிரபரணி ஐயாவின் கன்னமும் காதும் வெவ்வேறு தொனிகளைப் பிடித்திருக்கலாம். மதுரையில் வடக்குக் கோபுரத்தருகே நிற்கும் ஐந்து தூண்களில் ஒவ்வொன்றும், ஒரே கல்லில் குடைந்தெடுத்த 22 சிறு தண்டுகளைக் கொண்டது. அந்தத் திறமையைப் புகழ ஸ்வரக் கதை தேவையில்லை. அந்த மூன்றாவது தூணின் ஒலியை வீணையில் எடுக்க எத்தனையோ முறை முயன்றுவிட்டேன். மெட்டில் அழுத்தித் தந்தியை இழுத்தால் சுருதி வந்துவிடுகிறது. அந்த நிறம் வரவில்லை.

குடந்தைவாசி

தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலின் பலிபீடப் படிகளுக்கு முன் மூன்று முறை நின்றிருக்கிறேன். இசைக்கும் படிகள் என்று பெயர் பெற்றவை. இன்று இரும்புக் கம்பிக்குப் பின்னால் இருக்கின்றன. மூன்றாம் முறை, என் பக்கத்தில் நின்ற சிறுமியின் கையிலிருந்து ஒரு நாணயம் நழுவிக் கம்பிக்குள் உருண்டு படியில் விழுந்தது. நான் கேட்டது கல்லின் ஓசையா, நாணயத்தின் ஓசையா என்று இன்றுவரை தெரியவில்லை.

துங்கபத்திரை

ஹம்பியில் விட்டலர் கோயில் மண்டபத்தின் 56 இசைத்தூண்களைத் தூரத்திலிருந்துதான் பார்த்தேன். தொட அனுமதி இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று அறிய ஆங்கிலேயர் இரண்டு தூண்களை அறுத்துப் பார்த்த கதையை வழிகாட்டிகள் தவறாமல் சொல்வார்கள். அறுக்காமலேயே அறியலாம்: கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்தவர்கள் அத்தூண்களை ஆராய்ந்து, அவை உள்ளீடற்றவை அல்ல, தட்டும்போது தண்டு வளைந்து அதிர்வதால்தான் ஒலி எழுகிறது என்று காட்டியிருக்கிறார்கள்.

இங்கே எழுதியவர்களில் பலர் கோயில் தூண்களைத் தட்டுவதைச் சாதாரணமாகச் சொல்வது எனக்கு உறுத்துகிறது. தயவுசெய்து தட்டாதீர்கள். ஓசையை அறிய வேண்டுமென்றால் வீட்டிலேயே செய்து பாருங்கள். சமையல் மேடைக்குக் கிரானைட் அறுக்கும் கடைகளில் நீண்ட, ஒடுக்கமான கழிவுத் துண்டுகள் கிடைக்கும். விரிசல் இல்லாத துண்டாகக் கேட்டு வாங்குங்கள். அதைத் தரையில் வைத்துத் தட்டினால் ஊமையாகத்தான் இருக்கும். ஒரு மீட்டர் துண்டு என்றால் இரு முனைகளிலிருந்தும் சுமார் 22 செ.மீ. தள்ளி இரண்டு கயிற்றுச் சுருணைகளை வைத்து, அவற்றின் மேல் கல்லைக் கிடத்துங்கள். அந்த இரண்டு இடங்களும் அடிப்படை அதிர்வின்போது அசையாதவை என்பதால் கயிறு ஓசையை விழுங்காது. நடுவில் மரச்சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். அதே தடிமனுள்ள பாதி நீளத் துண்டு ஏறத்தாழ நான்கு மடங்கு அதிர்வெண்ணில் ஒலிக்கும். நீளத்தை மாற்றாமல் தடிமனை இரட்டித்தால் அதிர்வெண்ணும் ஏறத்தாழ இரட்டிக்கும். கயிற்றை முனைக்குத் தள்ளி வைத்து ஒருமுறை தட்டிப் பாருங்கள். வித்தியாசம் உடனே தெரியும். குழந்தைகள் பக்கத்தில் இருந்தால் கல் உருளாதபடி முட்டுக் கொடுப்பது நல்லது.

உளியோசை

துங்கபத்திரை அவர்களுக்கு: கோயில் தூணைத் தட்டக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நான் எழுதியது குவாரியில் கிடந்த கல்லைப் பற்றி. தட்டாமல் கல் எடுக்கும் சிற்பியை நீங்கள் எங்கே பார்த்தீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

பாறைநடை

இதுவரை எல்லோரும் செதுக்கிய கல்லைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். பல்லாரிக்கு அருகே குப்கல் குன்றில் உளி படாத பாறைகளே ஒலிக்கின்றன. கருங்கல்லைவிடக் கறுத்த டோலரைட் பாறைகள் அவை. பக்கத்துப் பாறைகளில் புதிய கற்கால மக்கள் கொத்திய மாடுகளின் உருவங்கள் நிறைந்திருக்கும்.

ஒரு பாறையின் மேல், உள்ளங்கையால் மூடும் அளவில் வழவழப்பான குழிகளைக் கண்டேன். மழையோ காற்றோ அரித்தவை அல்ல. அதே இடத்தில் மீண்டும் மீண்டும் கல்லால் தட்டித் தட்டி உண்டானவை. கூட வந்த உள்ளூர்க்காரர் ஒரு கூழாங்கல்லை எடுத்து அந்தக் குழிக்குள் ஒரே ஒருமுறை மெல்லத் தட்டினார். கோயில் மணியைத் துணியால் சுற்றி அடித்ததுபோல் ஒரு நாதம் எழுந்தது. அது அடங்குவதற்குள் எங்கோ குவாரியில் வெடி வெடித்தது. அதன் பிறகு என் காதில் வெகுநேரம் எதுவும் கேட்கவில்லை.

அடுத்திருந்த, பார்வைக்கு அதே போன்ற பாறையின் மேல் ஒரு குழிகூட இல்லை. ஏன் என்று கேட்டேன். அது ஊமை என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த கூழாங்கல்லை எடுத்த இடத்திலேயே வைத்தார். அதைப் போலவே தேய்ந்த வேறு இரண்டு கற்கள் அங்கே கிடந்தன.