நுணுக்குக்காட்டிக்குள் பார்த்தவை, கையில் பட்டவை: உயிர்க் கலங்களோடு உங்கள் அனுபவம் என்ன?

உவர்மலையாள்
றியோ என்ற செடியின் இலையிலிருந்து ஊதாத் தோலை உரிக்கும் பாட்டை உயர்தரத்தில் உயிரியல் எடுத்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தோலின் மேல் வைத்த கண்ணாடி மூடித்துண்டின் ஒரு பக்கம் சுக்குரோசு என்ற சீனிக் கரைசலை விட்டு, மறுபக்கம் ஒற்றுத்தாளால் இழுத்தேன். முதலில் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு ஒரு கலத்தின் மூலையிலிருந்து மட்டும் ஊதா நிறம் மெல்ல விலகியது. சுவர் அசையவே இல்லை; உள்ளே இருந்ததெல்லாம் சுருங்கிச் சுருங்கி நடுவில் உருண்டையாகிவிட்டது. சுவருக்கும் உருண்டைக்கும் இடையில் இருப்பது என்ன என்று ஆசிரியரிடம் கேட்டேன். "காற்று. படத்தைக் கீறு" என்றார். படித்து முடித்து வேலைக்கும் வந்தாயிற்று. அந்தப் பதில் இன்னும் செரிக்கவில்லை.

நிலாவெளி மாமா
காற்று எங்கிருந்து வரும் தங்கச்சி? அது நீங்கள் விட்ட அதே சுக்குரோசுக் கரைசல்தான். செலுலோசுச் சுவர் கரைசலைத் தடுக்காது. தடுப்பது அதற்கு உள்ளே இருக்கும் கலமென்சவ்வு. நீர் சவ்வைக் கடந்து வெளியே போனது, சுக்குரோசு சுவரைக் கடந்து சவ்வின் வாசலில் நின்றுவிட்டது. அவ்வளவுதான்.

எங்கள் வகுப்பில் சுக்குரோசு தீர்ந்துபோய், டச்பே கடற்கரையிலிருந்து போத்தலில் தண்ணீர் அள்ளி வந்தோம். கடல்நீரில் உப்பு ஏறத்தாழ 3.5 வீதம் அல்லவா, ஊதா முழுவதும் ஒரே மூச்சில் சுருண்டுவிட்டது. உடனே குழாய்த் தண்ணீரை விட்டோம். சுருண்டது மறுபடி சுவர் வரை விரிந்து வந்தது. "செத்தது எழும்புகிறது" என்று பக்கத்தில் நின்றவன் கத்தினான். எங்கே செத்தது? செத்திருந்தால், கலத்துக்குள் ஊதாச் சாறு நிறைந்த பையான புன்வெற்றிடத்தைச் சுற்றியுள்ள சவ்வும் கெட்டு, ஊதாச் சாயம் வெளியே கசிந்திருக்கும். அவனிடம் இதை எத்தனை தடவை சொல்லியும் ஏறவில்லை.

இரத்தக்குழாய்
நான் மருத்துவ ஆய்வுகூடத்தில் வேலை செய்பவன். 0.9 வீத உப்புக் கரைசல் விட வேண்டிய குருதி மாதிரிக்குள் பயிற்சிக்கு வந்த பிள்ளை ஒருவர் வடித்த நீரை விட்டுவிட்டார். கலங்கலாக இருக்க வேண்டிய குழாய் கண்முன்னே தெளிந்தது. பின்னால் கிடந்த பத்திரிகையின் தலைப்பை அந்தச் சிவப்பினூடாக வாசிக்க முடிந்தது. "வடிவாக இருக்கிறது சேர்" என்றார் அந்தப் பிள்ளை. எனக்கோ வயிற்றைப் பிசைந்தது. உள்ளே இருந்த செங்குழியங்கள் வீங்கி வெடித்த பிறகுதான் அந்தத் தெளிவு வரும். றியோ கலமாக இருந்தால் நீர் ஏற ஏறச் சுவர் எதிர்த்துத் தள்ளும், கலம் விறைத்து நிற்கும். செங்குழியத்துக்குச் சுவரும் இல்லை, கருவும் இல்லை. ஏறத்தாழ 120 நாள் ஒட்சிசன் சுமந்துவிட்டுப் போய்ச் சேருகிற பிறவி.

உப்புவெளி
நுணுக்குக்காட்டி எதுவும் இல்லாத கதை என்னுடையது. கரையில் ஒதுங்கிக் காய்ந்து கிடந்த சொறியை (ஜெலிமீனை) விரலால் புரட்டினேன். செத்துப்போனதுதானே என்ற நினைப்பு. மணிக்கட்டு வரை நெருப்பு ஏறியது. செத்த பிராணி எப்படிக் குத்தும்?

தாதி அக்கா
எனக்கும் ஒருமுறை காலில் பட்டிருக்கிறது, அது கிடக்கட்டும். தம்பி, சொறி செத்தாலும் அதன் கொட்டும் கலங்கள் தம்பாட்டில் வேலை செய்யும். ஒவ்வொன்றிலும் ஒரு சிறைப்பை, அதற்குள் சுருட்டி வைத்த நுண்ணிய நூல். தொட்டவுடன் வெளியே பாய்ந்து நஞ்சை ஏற்றிவிடும். பாய்ந்தது திரும்ப உள்ளே போகாது. பாயாமல் தோலில் ஒட்டியிருப்பவைதான் ஆபத்து. ஆகவே நல்ல தண்ணீரால் கழுவாதீர்கள், அது மிச்சத்தையும் பாய வைக்கும். கடல்நீரால் கழுவுங்கள். மணல் போட்டுத் தேய்க்காதீர்கள். ஒட்டியிருக்கும் துண்டுகளைச் சாவணத்தால் எடுங்கள். வினாகிரி எல்லா இனத்துக்கும் சரிவராது, சிலவற்றுக்கு நோவைக் கூட்டிவிடும். பிறகு தாங்கக்கூடிய சூடுள்ள நீரில் கையை வைத்திருந்தால் நோவு குறையும். சூடு 45 பாகையைத் தாண்டக் கூடாது, தோல் வெந்துவிடும். மூச்சு முட்டினால், நெஞ்சு நொந்தால் ஒரு நிமிடமும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பிள்ளைகளோடு கடற்கரைக்குப் போகிறவர்களும் இதை மனதில் வையுங்கள்.

உப்புவெளி
அக்கா, அது நடந்து வருடங்கள் ஆகின்றன. கை சுகம்.

மூதூர் வாசகன்
கதை கேட்க வந்தால் கிளினிக் நடக்கிறது. என் பங்குக்கு ஒன்று: களப்போரத்தில் கண்ணா என்ற கண்டல் மரத்தின் இலையை நக்கிப் பார்த்திருக்கிறீர்களா? வெயில் நேரத்தில் இலைமேல் வெள்ளைப் பொடி மின்னும். சுத்தமான உப்பு. வேர் தடுத்தது போக மேலே ஏறிவிடும் உப்பை இலையின் சுரப்பிக் கலங்கள் வெளியே தள்ளுகின்றன. நாக்கில் வைத்த அந்தக் கணத்தில்தான் கலம் என்பது படத்தில் கீறும் பெட்டி அல்ல, உழைக்கிற சாமான் என்று நம்பினேன்.

பாரைமீன்
இரத்தக்குழாய் அண்ணே, கரு இல்லை என்று பொத்தாம்பொதுவாக எழுதிவிட்டீர்கள். மனிதச் செங்குழியத்துக்கு என்று எழுதுங்கள். சந்தையில் வாங்கிய பாரையின் பூவிலிருந்து (செவுளிலிருந்து) ஒரு சொட்டு இரத்தம் எடுத்து, கண்ணாடி வழுக்கியில் இழுத்து, சாயம் போட்டுப் பார்த்தேன். எல்லாம் முட்டை வடிவம், ஒவ்வொன்றின் நடுவிலும் கருநீலமாக ஒரு கரு. கோழிக்கும் அப்படித்தான். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் குழம்பிலும் இருக்குமா?" என்று கேட்டார். இருக்கும் என்றேன். அன்றைக்கு அவர் பருப்போடு நிறுத்திக்கொண்டார்.