நிக்கல் அலசு தண்ணீர்: முதல் நாள் பிடித்த மெம்பிரேன் மூன்றாம் நாள் கைவிட்டது ஏன்?

வியாசர்பாடி பட்டறை:
எல்லோருக்கும் வணக்கம். வியாசர்பாடியில் சின்னதாக ஒரு நிக்கல் பிளேட்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். அலசு தொட்டித் தண்ணீரில் நிக்கல் லிட்டருக்கு 40 மில்லிகிராம், பிஎச் 5.5. கைட்டோசான் பூசிய மெம்பிரேன் (வடிகட்டும் சவ்வு) ஒன்றை வாங்கி, சோதனைக்காக நாளுக்கு 60 லிட்டர் விட்டுப் பார்த்தேன். முதல் நாள் வெளியே வந்த தண்ணீரில் நிக்கல் அரை மில்லிகிராம்கூட இல்லை. மூன்றாம் நாள் 12! அழுத்தமும் தண்ணீர் வரும் வேகமும் மாறவே இல்லை. அடைத்திருக்கும் என்று நினைத்து ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஊற்றிக் கழுவினேன். இளநீர் வழுக்கை மாதிரி ஏதோ கொழகொழவென்று வந்தது. இப்போது தண்ணீர் முன்பைவிட வேகமாக வருகிறது, நிக்கலோ கொஞ்சமும் குறையவில்லை. எங்கே தப்பு?

தண்டையார்பேட்டை கெமிஸ்ட்:
தம்பி, அந்த வழுக்கைதான் உங்கள் மெம்பிரேன். நம்ம காசிமேட்டில் கொட்டுகிற இறால் ஓட்டிலிருந்தும் எடுக்கிற சரக்குதான் கைட்டோசான். நீர்த்த ஹைட்ரோகுளோரிக்கில் கரைந்துவிடும். பூச்சு போய் அடித்துணி மட்டும் மிச்சம், அதனால்தான் வேகம் கூடியிருக்கிறது.

ஆனால் ஆசிட் ஊற்றுவதற்கு முன்பே அது நிரம்பிவிட்டது. இது சல்லடை இல்லை. நிக்கல் அயனி அந்தத் துளைகளில் தாராளமாகப் புகுந்து போகும். அதைப் பிடித்து வைப்பது பூச்சிலுள்ள அமீன் குழுக்கள்தான், அவற்றில் இடம் தீர்ந்தால் கதை முடிந்தது. துளை அடைக்காததால் அழுத்தமும் ஏறாது. பூச்சு எத்தனை கிராம், ஒரு கிராம் எவ்வளவு பிடிக்கும் என்று கொடுத்தவர் சொன்னாரா?

வியாசர்பாடி பட்டறை:
100 கிராம் பூச்சு, கிராமுக்கு 50 மில்லிகிராம் என்றார்.

தண்டையார்பேட்டை கெமிஸ்ட்:
அப்படியென்றால் மொத்தம் 5,000 மில்லிகிராம். 40ஆல் வகுத்தால் 125 லிட்டர். இரண்டு நாளில் 120 லிட்டர் விட்டுவிட்டீர்கள். மூன்றாம் நாள் கசியாமல் என்ன செய்யும்?

மணலி ஆபரேட்டர்:
குறுக்கே புகுந்து ஒரு கேள்வி. கழுவிய ஆசிட்டை எங்கே ஊற்றினீர்கள்? மெம்பிரேன் பிடித்த நிக்கல் அதில்தானே இருக்கும்?

வியாசர்பாடி பட்டறை:
பிளாஸ்டிக் டிரம்மில் பத்திரமாக இருக்கிறது அண்ணா, கால்வாயில் விடவில்லை.

மணலி ஆபரேட்டர்:
நல்லது. 40 மில்லிகிராம் தண்ணீரை நேராக இதில் விடுவது வீண் செலவு. முதலில் காஸ்டிக் சோடா போட்டு பிஎச்சை 10 பக்கம் ஏற்றுங்கள். நிக்கல் ஹைட்ராக்சைடாக, வெளிர்பச்சைச் சேறாக அடியில் இறங்கும். டிரம் ஆசிட்டையும் கொஞ்சம் கொஞ்சமாக அதிலேயே சேர்த்து பிஎச்சைச் சரிபண்ணிக்கொள்ளலாம். மேல்தண்ணீரை வடிகட்டி, பிஎச்சை 6க்கு இறக்கிய பிறகு மெம்பிரேனில் விடுங்கள். உள்ளே போகும் நிக்கல் 2 மில்லிகிராம் என்றால், கணக்குப்படி அதே பூச்சு 2,500 லிட்டருக்கு வரும். போர் தண்ணீரில் கால்சியம் அதிகம் என்றால் கொஞ்சம் குறையலாம். சேறு அபாயக் கழிவு, குப்பை வண்டியில் போடாதீர்கள். கும்மிடிப்பூண்டி கிடங்குக்குத்தான் போக வேண்டும்.

வியாசர்பாடி பட்டறை:
குரோம் அலசு தண்ணீரையும் இதோடு கலக்கலாமா?

தண்டையார்பேட்டை கெமிஸ்ட்:
கூடவே கூடாது. குரோம் அலசு தண்ணீரில் இருக்கும் ஆறு இணைதிறன் குரோமியம் எதிர்மின் அயனியாகத் திரியும், காஸ்டிக் போட்டாலும் படியாது. அதைத் தனித் தொட்டியில் பிஎச் 2-3இல் மெட்டாபைசல்ஃபைட் போட்டு மூன்று இணைதிறனுக்கு மாற்றிய பிறகுதான் படிய வைக்க முடியும். ஆற்றிலோ கால்வாயிலோ விடுவதற்கான பொது வரம்பு நிக்கலுக்கு 3 மில்லிகிராம், இதற்கோ 0.1தான்.

புது மெம்பிரேன் வாங்கும்போது குறுக்குப் பிணைப்பு போட்டதா, அதாவது கைட்டோசான் இழைகளை ஒன்றோடொன்று கட்டிப்போட்டதா என்று கேளுங்கள். பிடிக்கும் அளவு கொஞ்சம் குறையும், ஆனால் ஆசிட்டில் கரையாது. பிணைப்பு இல்லாததுதான் கிடைக்கிறது என்றால், நீர்த்த சல்ஃப்யூரிக்கில் கழுவுங்கள். சாதாரண வெப்பத்தில் அதில் கைட்டோசான் கரையாது. கழுவிய பிறகு லேசான காஸ்டிக்கில் ஒரு முறை அலசுங்கள், அமீன் குழுக்கள் பழைய நிலைக்கு வரும்.

இன்னொன்று, தினமும் லேபுக்கு அனுப்பிக்கொண்டிருக்க வேண்டாம். வெளியே வரும் தண்ணீரில் கொஞ்சம் அம்மோனியா விட்டு, டைமெத்தில்கிளையாக்சைம் கரைசலை நாலு சொட்டு விடுங்கள். நிக்கல் இருந்தால் ரோஜாச் சிவப்பாகிவிடும்.

வியாசர்பாடி பட்டறை:
நேற்று ராத்திரி காஸ்டிக் போட்டு வைத்தேன். காலையில் அடியில் பச்சைச் சேறு, மேலே தெளிந்த தண்ணீர். சொட்டு விட்டுப் பார்த்ததில் லேசான இளஞ்சிவப்புதான். மெம்பிரேன் கொடுத்தவரிடம் பிணைப்பு பற்றிக் கேட்டேன், "அதெல்லாம் தனி ரேட்" என்கிறார். சரி, வாங்கிப் போட்டுவிட்டு ஒவ்வொரு 200 லிட்டருக்கும் சொட்டு விட்டு இங்கேயே எழுதுகிறேன்.