7 நாளில் குறைஞ்ச 4 கிலோவுல மூணரை, 12 நாளில் திரும்பி வந்துடுச்சு

திருப்பூர் மல்லி
வணக்கங்க. வயசு 34, உயரம் 156 செ.மீ., போன மாசம் எடை 74. தையில தம்பி கல்யாணம். கூட வேலை பாக்கற பொண்ணு வாட்ஸ்அப்ல அனுப்பினாளேன்னு ஜி.எம். டயட் இருந்தேன். முதல் நாள் வெறும் பழம், ரெண்டாம் நாள் காய், நாலாம் நாள் வாழைப்பழமும் பாலும். அன்னைக்கு மிஷின்ல உக்காந்தா ஊசியில நூல் கோக்க முடியலைங்க, கை அப்படி நடுங்குச்சு. எட்டாம் நாள் காலையில 70! ஆனா பன்னெண்டே நாள்ல 73.5. வாரித் தின்னவும் இல்லை. இப்ப சோறு, மாவுப் பண்டத்தை ரொம்பக் குறைச்சு கொழுப்பை அதிகமா சாப்பிடற கீட்டோ டயட் இருக்கச் சொல்றாங்க. என் உடம்புதான் சரியில்லையா?

மதுரை அக்கா
உன் உடம்பு சரியாத்தான் இருக்கு தங்கச்சி. போனதுல பெரும்பங்கு தண்ணி. சோறு, இட்லியில வர்ற மாவுச்சத்துல கொஞ்சத்தைக் கல்லீரலும் தசையும் கிளைகோஜனா சேத்து வைக்கும். அதுல ஒவ்வொரு கிராமும் 3 கிராம் அளவு தண்ணியைப் பிடிச்சு வச்சிருக்கும். சோத்தை நிறுத்தினா ரெண்டும் போகும், சாப்பிட ஆரம்பிச்சா ரெண்டும் வரும். ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி குறையணும். வாரத்துல 4 கிலோ கொழுப்புன்னா தினம் 4,400. நாம ஒரு நாளைக்குச் செலவழிக்கிறதே அதுல பாதி வராதும்மா.

நானும் பட்டவதான். 38 வயசுல ஜூஸ் மட்டும் குடிச்சு மூணு வாரத்துல 6 கிலோ இறக்கினேன். மூணு மாசம் கழிச்சு முடி கொட்ட ஆரம்பிச்சுது. பாத்ரூம் சல்லடையில தினம் ஒரு உருண்டை எடுப்பேன். எண்ணெய் மாத்தினேன், ஷாம்பு மாத்தினேன். பட்டினி கிடந்தா ரெண்டு மூணு மாசம் கழிச்சுத்தான் முடி கொட்டும்னு தோல் டாக்டர் சொன்னப்புறம்தான் எனக்கு அந்த ஜூஸே ஞாபகம் வந்துச்சு.

அப்புறம் டீயில இருந்து தொடங்கினேன். நாலு டீ, டீக்கு ரெண்டு ஸ்பூன், ஆக எட்டு ஸ்பூன் சர்க்கரை. நாளைக்கு 25 கிராமுக்குள்ள, அதாவது ஆறு ஸ்பூனுக்குள்ள இருந்தா நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. ரெண்டு டீ, அரை அரை ஸ்பூன்னு ஆக்கினேன். மதியம் மூணு கரண்டி சோறு ஒண்ணரை ஆச்சு. அந்த இடத்துல பொரியல், ஒரு முட்டை இல்லைன்னா சுண்டல். சாயங்காலம் 40 நிமிஷம் நடை. மாசம் ஒரு கிலோதான். நடுவுல ஆறு வாரம் முள்ளு நகரவே இல்லை, அழுதுட்டேன். ஆனா 11 மாசத்துல 11 கிலோ. மூணு வருஷமா ஏறலை.

திருச்சி செந்தில்
ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கறேன். சுகர் மாத்திரை போடறவங்க டாக்டரைக் கேக்காம சோத்தை நிறுத்தாதீங்க. எங்கப்பா கிளிமிபிரைடு போட்டுக்கிட்டே ராத்திரிச் சாப்பாட்டை விட்டாரு. விடிகாலை மூணு மணிக்கு பனியன் நனைய வேர்த்து, பேச்சு குழறிடுச்சு. சர்க்கரைத் தண்ணி குடுத்துத் தூக்கிட்டு ஓடினோம். சிறுநீர் வழியா சர்க்கரையை வெளியேத்துற மாத்திரை போடறவங்களுக்குக் கீட்டோ இன்னும் ஆபத்து.

திருப்பூர் மல்லி
சுகர் இல்லைங்கண்ணா. தைராய்டு மாத்திரை போடறேன், டெஸ்ட் எடுத்து எட்டு மாசமாச்சு. சனிக்கிழமை எடுத்துடறேன். அக்கா, கம்பெனி டீ சர்க்கரை போட்டேதான் வரும், ஃபிளாஸ்க்ல கொண்டு போயிக்கறேன். மதியத்துக்குத் தட்டப்பயறு ஆகுமா?

மதுரை அக்கா
தாராளமா. ராத்திரியே ஊறப் போட்டுடு, தேங்காயை மட்டும் கொஞ்சமாத் தூவு.