பிலிம்ல இருந்து டிஜிட்டலுக்கு: எந்த கெமரா? கொஞ்சம் அவசரம்

அட்டன்_நெகட்டிவ்: வணக்கம். இத்தனை வருஷமும் பிலிம்தான். ரோல் கழுவித் தந்த கடையை மூடிட்டாங்க, இப்ப எல்லாம் கொழும்புக்கு அனுப்ப வேண்டியிருக்கு. நடுத்தர விலையில நல்ல டிஜிட்டல் ஒண்ணு வேணும். பழைய லென்ஸ் கைவசம் இருக்கு, அதையேதான் போடுவேன். சனிக்கிழமை கண்டிக்குப் போறேன், அதுக்குள்ள சொல்லுங்க.

பண்டாரவளை_ரயில்: என்ன லென்ஸ்ண்ணே? எவ்வளவு வரைக்கும் போடுவீங்க? என்ன படம் எடுப்பீங்க?

தலவாக்கலை_மூத்தவர்: இத்தனை வருஷம் படம் எடுத்தவருக்கு லென்ஸ் மாட்டுற வாய், அதான் மவுண்ட், அது பேரைச் சொல்லணும்னு தெரியாதா? நிக்கோனா இருந்தா டி7500. அதுக்கு மேல யோசிக்க ஒண்ணுமில்ல.

கொட்டகலை_கொழுந்து: ஐயா, டி7500 வேணாம். 2015ல வந்த டி7200ல நிக்கோனோட பழைய ஏஐ லென்ஸ் (நீங்க வச்ச அபெர்ச்சரை, அதாவது வெளிச்சம் போற துவாரத்து அளவை, கெமராவுக்குச் சொல்ற வகை) போட்டா வெளிச்சம் அளக்கிற மீட்டர் வேலை செய்யும். 2017ல வந்த டி7500ல அந்த அளவைப் படிக்கிற சின்ன நெம்பையே எடுத்துட்டாங்க. லென்ஸ் மாட்டும், மீட்டர் அசையாது. டி5600, டி3500 எல்லாம் அதே கதைதான்.

மஸ்கெலியா_ஷட்டர்: பேசாம மிரர்லெஸ், அதான் உள்ள கண்ணாடி இல்லாத கெமரா, எடுங்க. எந்த லென்ஸும் போடலாம்.

பண்டாரவளை_ரயில்: அவர் இன்னும் என்ன லென்ஸ்னே சொல்லல!

அட்டன்_நெகட்டிவ்: மன்னிக்கணும், வேலையில இருந்தேன். கெமரா நிக்கோன் எஃப்எம். லென்ஸ் 28, 50, 105 மி.மீ. ரெண்டு லட்சத்துக்குள்ள, பாவிச்சதுன்னாலும் சரி. தோட்டத்து ஆளுங்க, பனி, ராத்திரியில காமன் கூத்து.

கொட்டகலை_கொழுந்து: அப்ப ஃபுல் ஃப்ரேம், அதான் பிலிம் அளவு சென்சர் உள்ளது, பாருங்க. டி7200 சென்சர் சின்னது, உங்க 28 அதுல 42 மாதிரி ஆயிடும். லயத்து வாசல்ல நின்னு எடுக்கிறவருக்கு அது பெரிய இழப்பு. கூத்துக்கும் பெரிய சென்சர்தான் கை கொடுக்கும். பாவிச்ச டி750 கிடைச்சா நல்லது. மெனுவுல லென்ஸ் நீளத்தையும் அபெர்ச்சரையும் ஒரு தடவை பதிஞ்சிட்டா ஏ மோட்லயும் (அபெர்ச்சர் நீங்க, ஷட்டர் வேகம் கெமரா) மீட்டர் ஓடும்.

ஆனா ஒண்ணு. எஃப்எம்ல ஏஐக்கு முந்தின லென்ஸும் மாட்டும், அந்தக் கெமரா நெம்பை மேல மடிக்கலாம். டி750ல மடிக்க முடியாது, திருகினா உடையும். அபெர்ச்சர் வளையத்துல இருக்கிற உலோகக் காதுல ஓட்டை இருக்கா, கீழ சின்ன எழுத்துல ரெண்டாவது வரிசை இலக்கம் இருக்கான்னு பாருங்க. இருந்தா ஏஐ.

தலவாக்கலை_மூத்தவர்: கெமரா எதுவானாலும் பனிக்கு ஒரு ஸ்டொப் கூட்டி, அதாவது மீட்டர் சொல்றதை விட ரெட்டை வெளிச்சம் விட்டு எடுக்கணும். இல்லாட்டி சாம்பலாத்தான் வரும். அதை முதல்ல படிக்கட்டும்.

மஸ்கெலியா_ஷட்டர்: நெகட்டிவ் பிலிமுக்கு அது சரி. டிஜிட்டல்ல வெளிச்சம் மிஞ்சி வெள்ளையாப் போன இடத்துல ஒண்ணுமே மிஞ்சாது. குறைச்சு எடுத்துட்டு அப்புறம் தூக்கலாம்.

தலவாக்கலை_மூத்தவர்: குறைச்சு எடுத்துத் தூக்கினா நிழல்ல மணல் மணலா வரும். நான் சிங்கிள் ட்ரீ மலையில எடுக்காத பனியா?

மஸ்கெலியா_ஷட்டர்: ஸ்லைட் பிலிம் போட்டிருக்கீங்களா? அதே கணக்குத்தான் இது.

கொட்டகலை_கொழுந்து: ரெண்டு பேர் சொல்றதும் சரி. வானம் தெரியாம முழுக்கப் பனின்னா கூட்டுங்க. பனி விலகி சூரியன் எட்டிப் பார்த்தா கூட்டாதீங்க. ஹிஸ்டோகிராம், அதான் திரையில வெளிச்சத்தைக் காட்டுற வரைபடம், வலது ஓரத்துல முட்டாம இருந்தாப் போதும்.

பண்டாரவளை_ரயில்: காது என்னாச்சுண்ணே?

அட்டன்_நெகட்டிவ்: 28, 50ல ஓட்டை இருக்கு. 105ல இல்ல. அதுதான் நான் அதிகம் போடுறது.

மஸ்கெலியா_ஷட்டர்: அப்ப டி750 வேணாம். பாவிச்ச சோனி ஏ7 மார்க் 2 பாருங்க, ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ். நிக்கோன்ல லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவுல 46.5 மி.மீ., சோனியில 18. மிச்சத்தை ஒரு சாதா அடாப்டர் வளையம் அடைச்சிடும், உடையிறதுக்கு நெம்பே இல்ல. ஃபோகஸ் பண்ற இடத்தைப் பெருசாக்கியும் பார்க்கலாம், கை நடுக்கத்தை கெமரா உடம்பே தாங்கும்.

கொட்டகலை_கொழுந்து: ஒத்துக்கிறேன், 105க்கு அதுதான் சரி. ஆனா பட்டரி ரெண்டு மூணு வாங்குங்க. டி750க்கு ஒரு சார்ஜ்ல 1230 படம்னு கணக்கு, ஏ7 மார்க் 2க்கு 350தான். கூத்து விடியிற வரைக்கும் போகும்.

அட்டன்_நெகட்டிவ்: ரொம்ப நன்றி. சோனி பார்க்கிறேன்.

பண்டாரவளை_ரயில்: 105ஐக் கையோட கொண்டு போங்கண்ணே. கடையிலயே வளையம் வாங்கி மாட்டி, தூரத்து மலை கூர்மையா வருதான்னு பார்த்துட்டுக் காசு கொடுங்க. சில மலிவு வளையத்துல அது சரியா நிக்காது.