பழைய ரேடியேட்டர்கள் அனைத்தையும் மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி:
எங்கள் வீட்டில், உள்ளே சுடுநீர் ஓடி அறையைச் சூடாக்கும் எஃகுத் தகட்டு ரேடியேட்டர்கள் ஒன்பது உள்ளன. கூடத்தில் இருப்பதன் மேற்பகுதி கை வைக்க முடியாதபடி சுடுகிறது. அடிப்பகுதியின் நடுவிலோ சில்லென்று இருக்கிறது. படுக்கையறையில் உள்ளதன் கீழ் விளிம்பில் துருப்பொட்டு ஒன்று தோன்றி, காலையில் அதன் கீழே தரை ஈரமாகியிருக்கிறது. பிளம்பர் ஒன்பதையும் மாற்றச் சொல்கிறார். பிற்பாடு ஹீட் பம்புக்கு (வெளியிலுள்ள வெப்பத்தை மின்சாரத்தின் உதவியால் உள்ளே இழுத்து நீரைச் சூடாக்கும் கருவி) மாறும் எண்ணமும் உண்டு. மாற்றினால் பழைய அளவிலேயே வாங்கலாமா?

மறுமொழி 1:
இவை இரண்டும் வெவ்வேறு கோளாறுகள். மேலே சில்லிட்டால் காற்று அடைத்திருக்கிறது என்று பொருள். அடியில் சில்லிட்டால், உள்ளே எஃகு அரித்து உண்டான கரிய இரும்பு ஆக்சைடு சேறாகப் படிந்திருக்கிறது. கூடத்து ரேடியேட்டரைக் கழற்றி வெளியே கொண்டுபோய், நீரைப் பீய்ச்சிக் கழுவினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். படுக்கையறையில் உள்ளது உள்ளிருந்தே துருப்பிடித்து ஓட்டையாகியிருப்பதால், அதற்கு ஒட்டுப்போடுவது வீண்வேலை, மாற்றிவிடுங்கள். ஆனால் துரு ஏன் வந்தது என்று பாராமல் புதியதை மாட்டினால் அதற்கும் இதே கதிதான். அழுத்தம் குறைகிறதென்று அடிக்கடி புதுநீர் சேர்க்கிறீர்களா? அந்த நீரோடு ஆக்சிஜனும் உள்ளே போகிறது.

மறுமொழி 2:
அளவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ரேடியேட்டரின் மீது குறிக்கப்படும் வாட் அளவு, பொதுவாக அதன் சராசரி வெப்பம் அறையைவிட 50 பாகை கூடுதலாக இருக்கும் நிலைக்கு உரியது. அதாவது நீர் 75 பாகையில் நுழைந்து 65 பாகையில் வெளியேற, அறை 20 பாகையில் இருக்கும் நிலை. ஹீட் பம்பில் நீர் அவ்வளவு சூடாக ஓடாது. வித்தியாசம் 30 பாகையாகக் குறைந்தால், 1000 வாட் என்று விற்கப்பட்டது ஏறக்குறைய 500 வாட்தான் தரும். எனவே அறையின் வெப்ப இழப்பைக் கணக்கிட்ட பின்பே வாங்குங்கள். ஒற்றைத் தகடு இருந்த இடத்தில், அதே நீள உயரத்தில் இறக்கைகளோடு (வெப்பத்தைக் காற்றில் பரப்பும் மெல்லிய உலோக மடிப்புகள்) கூடிய இரட்டைத் தகட்டைப் பொருத்தினால் வெப்பம் கூடும், குழாய்களையும் அதிகம் நகர்த்த வேண்டியிராது. சுவரிலிருந்து சற்றுக் கூடுதலாகத் துருத்திக்கொண்டிருக்கும், அவ்வளவே.

மறுமொழி 3:
ரேடியேட்டரைக் கழற்றும்போது, திரும்பு குழாயின் (நீர் வெளியேறும் குழாய்) பக்கத்து வால்வை எத்தனை சுற்றில் மூடினீர்கள் என்று எழுதி வையுங்கள். அதே எண்ணிக்கையில் திறந்தால்தான் மற்ற அறைகளுக்குப் போகும் ஓட்டம் கலையாது. நீரை வடித்தபின்னும் அடியில் கொஞ்சம் தங்கும். முழுவதும் வடிந்துவிட்டதென்று நம்பி நான் சாய்த்துத் தூக்கியபோது ஊற்றிய கருநீர், கம்பளத்தில் இன்றும் கறையாக இருக்கிறது.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. மாதந்தோறும் நீர் சேர்த்து வந்தது நான்தான். ஒழுகிய நீர்தான் அழுத்தத்தைக் குறைத்தது என்பது இப்போதுதான் விளங்குகிறது. படுக்கையறைக்கு மட்டும் இரட்டைத் தகடு வாங்கி, மற்ற எட்டையும் கழுவி, துருத்தடுப்பு மருந்து சேர்த்து நிரப்பச் சொல்லியிருக்கிறேன்.